தண்ணீர் மயில்சாமியிடம் என்ன சொன்னது?

மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து, "தொட்டியில விஷத்தைக் கலந்துபோட்டேனுங்க" என்கிறார். அவருக்குக் கடுமையான மனச்சோர்வு என்பது பார்த்தாலே தெரிகிறது. நோய்தான் இப்படிப் பேச வைக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவீர்களா? போனை எடுப்பீர்களா? எடுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஓய்வு பெற்ற பிறகும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது இந்த மனிதரைத்தான். மயில்சாமி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்து மேல்நிலைத் தொட்டியில் ஏறும். அதில் பிளீச்சிங் பவுடர் கலந்து, வால்வைத் திறந்து தெரு தெருவாக விடுவது அவர் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள்.

அவருடைய மனைவி சரஸ்வதி ஒரு காலை நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். மயில்சாமியின் உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

"ஒரு மாசமாவே பேச்சு கொறஞ்சுபோச்சுங்க டாக்டரம்மா. ராத்திரி தூக்கமில்லீங்க. சோறு வேண்டாம்ங்கறாரு. இப்பத் தண்ணியும் குடிக்கறதில்லீங்க. எங்களையும் குடிக்க வுடறதில்லை. கொடத்துல புடிச்சு வெச்சதையெல்லாம் கவுத்துப்போட்டாருங்க" என்றார் சரஸ்வதி.

மயில்சாமி என் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எந்தத் தண்ணிங்க?"

"சிறுவாணிதான்."

"குடிச்சுப்போடாதீங்க" என்றார். பிறகு, நான் மட்டும் கேட்கிற மாதிரி, "ஊரு பூராத்தையும் நான் கொன்னுபோட்டேனுங்க. தொட்டியில விஷத்தைக் கலந்துபோட்டேன்" என்றார்.

"என்ன விஷம்?"

"வெள்ளையா இருந்துச்சுங்க. இந்தக் கையாலதான் போட்டேன்."

சரஸ்வதி அழ ஆரம்பித்தார். இன்னொன்றையும் அப்போதுதான் சொன்னார். அன்று விடிந்ததும் மயில்சாமி தொட்டிக்கு மேலே ஏறியிருக்கிறார். இவர் கீழே நின்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாராம்.

என்னோடு இருந்த இளம் மருத்துவர் என்னைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்தார். "மேடம், இது குற்ற உணர்ச்சியால் வருகிற டெல்யூஷன். டிப்ரஷன் முற்றி சைக்கோசிஸ் வந்திருக்கிறது. அட்மிட் பண்ணிடலாமா?" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. மனச்சோர்வு ஆழமாகப் போகும்போது நிஜத்தின் பிடி நழுவி, செய்யாத குற்றத்தை மனம் தன் மேல் சுமத்திக்கொண்டு அசையாமல் நம்பும். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோயின் பெயர் தெரிந்துவிட்டதால் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடுமா? அவர் கையில் தொட்டியின் சாவி இருக்கிறது. காலையில் மேலே ஏறியிருக்கிறார். விவசாயம் நடக்கிற ஊர். பூச்சி மருந்து இல்லாத வீடு அங்கே குறைவு. நோயில் இருப்பவர் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை.

சரஸ்வதியிடம் கேட்டேன். தக்காளிக்கு அடிக்கிற மருந்து மாட்டுக் கொட்டகையில் இருப்பதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னோம். மூடி பிரிக்கவே இல்லை என்று பதில் வந்தது. இளம் மருத்துவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். எனக்கு அது போதவில்லை. அந்த வீட்டில் இருக்கும் ஒரு பாட்டில் திறக்கப்படவில்லை, அவ்வளவுதானே நமக்குத் தெரிந்தது?

இனி ஊராட்சித் தலைவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், நம்மை நம்பி மயில்சாமி சொன்னது வெளியே போகும். அவர் வேலை போகலாம். ஊர் அவரை அடிக்கவும் வரலாம். கூப்பிடாமல் இருந்து, சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? அடுத்தவர் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது தேவையான அளவுக்குச் சொல்லச் சட்டமும் நமக்கு இடம் தருகிறது. அந்தத் 'தேவையான அளவு' எவ்வளவு என்பதைத்தான் போனைக் காதில் வைப்பதற்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தலைவர் ஒரு பெண்மணி. "உங்க டேங்க் ஆபரேட்டருக்கு உடம்பு சரியில்லைங்க, எங்கிட்ட வந்திருக்காரு. தொட்டியில என்ன செஞ்சாருன்னு அவருக்கே தெளிவாச் சொல்ல முடியலை. பார்த்து முடிக்கிற வரைக்கும் வால்வைத் திறக்க வேண்டாங்க" என்றேன்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க டாக்டரம்மா, ஏதாச்சும் கலந்துபோட்டானுங்களா?"

"தெரியாதுங்க. கலந்திருக்க மாட்டாருன்னுதான் நினைக்கிறேன். ஆனா தெரியாது."

"இது போதுமுங்க. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். கெட்டிக்கார அம்மா. தொட்டி கழுவுகிறோம் என்று மட்டும் ஊருக்குச் சொல்லி, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, தெருவுக்குப் போகிற வால்வைப் பூட்டி, தொட்டியை வெளியே வடிய விட்டார்.

ஆனால் ஊருக்குக் கண் இல்லையா? சரஸ்வதி கணவரைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தொட்டி காலியாவதையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து யாரோ வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் மருத்துவமனை வாசலில் நின்றார்கள்.

முன்னால் நின்றவருக்கு என் வயது இருக்கும். "அவனை வெளிய அனுப்புங்க. என்ன கலந்தான்னு நாங்க கேட்டுக்கறோம். என்ற பேரன் காலைல அந்தத் தண்ணிலதானுங்க பால் குடிச்சான்" என்றார். குரல் உரக்க இருந்தாலும் கண் கையிலிருந்த செல்போனுக்கே போய்ப் போய் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று அந்தக் கண் சொன்னது.

"பேரன் இப்ப எப்படி இருக்கானுங்க? வாந்தி, மயக்கம் ஏதாச்சும்?"

"இல்லீங்க. வெளையாடிட்டுத்தான் இருக்கறான்."

"ஊர்ல வேற யாருக்காச்சும்?"

யாருக்கும் ஒன்றுமில்லை. மயில்சாமியின் நோயைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாருக்காவது சிறு உபாதை இருந்தாலும் உடனே அழைத்து வரச் சொன்னேன். குழந்தையை வேண்டுமானால் இப்போதே பார்த்துவிடலாம் என்றேன். பயத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்ததும் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போன் போட்டு, பேரனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவன் குரலைக் கேட்ட பிறகே வேனில் ஏறினார்.

இவ்வளவு களேபரத்திலும் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கலந்து முடித்துவிட்டதாக நம்புகிற மனிதர் மறுபடி ஏன் தொட்டிக்கு மேலே ஏறினார்? வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்து அதையே கேட்டேன்.

மயில்சாமி சுவரைப் பார்த்தபடியே பேசினார். "இத்தனை பேரைக் கொன்னவன் இருக்கலாங்களா? குதிச்சரலாம்னுதான் ஏறுனேன். அவ கீழ நின்னு கத்துனா. அவ மேல வுழுந்துருவேனோன்னு எறங்கிட்டேன்."

அந்தப் பதிலைக் கேட்டபின் அவரை ஒரு நிமிடமும் தனியாக விடவில்லை. நம் தொழிலில் வினோதமான பேச்சு ஒன்று வரும்போது எல்லோருடைய கவனமும் அதன் மேலேயே போய்விடும். அதற்குப் பின்னால் இவர் என்ன செய்யத் துணிந்திருக்கிறார் என்பதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

சோதனை முடிவு வந்தது. தண்ணீரில் குளோரினைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் கையால் போட்ட 'வெள்ளை' என்பது தினமும் போடுகிற பிளீச்சிங் பவுடர்தான். செய்ய வேண்டிய வேலையையே நோய் கொலையாக மாற்றிக் காட்டியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னால் நிம்மதியடைவார் என்று இளம் மருத்துவர் ஓடினார். மயில்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க எடுத்தது வேற தண்ணிங்க" என்றார். டெல்யூஷன் சாட்சியத்தால் வந்ததில்லை, சாட்சியத்தால் போகவும் போகாது.

மருந்தாலும், மயக்கம் கொடுத்துச் செய்கிற மின்சிகிச்சையாலும் அவர் மெல்ல மெல்ல மீண்டார். ஒருநாள் கேன்டீன் டீயை வாங்கி, "இதும் தண்ணிலதானுங்க போடறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்தார். குடித்துவிட்டார். வீடு திரும்பி வேலைக்கும் போனார். இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த கோடையில் ஊராட்சித் தலைவரே தன் காரில் அவரை அழைத்து வந்தார், பின்னாலேயே சரஸ்வதி. மயில்சாமிக்கு நெற்றி நிறைய விபூதி, தோளில் பச்சைத் துண்டு. வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு, "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" என்று விசாரித்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும், "அம்மணி! நீங்க இன்னும் இங்கயேதானா?" என்றார். பல நாளாகத் தூக்கமே இல்லையாம். அன்று எல்லா வால்வையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டு, தெருவெல்லாம் தண்ணீர் ஓட, தொட்டி வறண்டு போக, நடுவில் நின்று சிரித்திருக்கிறார்.

"ஏனுங்க மயில்சாமி, எதுக்கு எல்லாத்தையும் திறந்தீங்க?"

"சிறுவாணிக்கு இத்தனை ருசி எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? நான் தொடறதுனாலங்க. ஊரே குடிக்கட்டும்னு தொறந்துவுட்டேன்."

"யார் சொன்னாங்க அப்படி?"

"தண்ணியேதானுங்க. பைப்புல காதை வெச்சா பேசும்."

"என்ன பேசும்?"

முகமெல்லாம் மலர்ந்தது. "'மயில்சாமி, நீ தொறந்துவுட்டாத்தான் நான் இனிப்பேன்'னு."

குரல் கேட்கிறதா, ஆம் என்று ஒரு டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான். என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதே தொட்டி, அதே வெள்ளைப் பவுடர், அதே கை. மனம் பாதாளத்தில் கிடந்தபோது அது விஷம். ஆகாயத்தில் பறந்தபோது அமுதம். ஒரே தண்ணீரை இரண்டு மனநிலைகளும் தத்தம் நிறத்தில் கலக்கின. இந்த இரண்டாவது வருகையில்தான் அவருடையது வெறும் மனச்சோர்வு இல்லை, இரு பக்கமும் ஊசலாடும் பைபோலார் நோய் என்பது தெளிவானது. மனம் ஏன் தனக்கு மிகப் பழக்கமான பொருளையே எடுத்துக்கொள்கிறது? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் சொல்லியனுப்புங்கள்.

அவரை வார்டில் சேர்த்த பிறகு சரஸ்வதி என் அறை வாசலில் நின்றார். "என்ற அண்ணன் செல்போன்ல பாத்துப்போட்டுச் சொல்றாருங்க. காதுல கொரல் கேட்டா முத்துன கேஸாம், இனித் திரும்பவே திரும்பாதாம். நெசமுங்களா?"

உட்காரச் சொன்னேன். "போன தடவை நல்லானப்புறம் விஷத்தைப் பத்திப் பேசுவாரா?"

"இல்லீங்க. நானே ஒருக்காக் கேட்டனுங்க. 'எப்படிப் புள்ள அப்படி நெனச்சேன்'னு அவரே சிரிச்சாரு."

"வேலை?"

"முந்தி மாதிரியேதானுங்க."

உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்றேன். குரலோ விபரீத நம்பிக்கையோ பைபோலாரில் வருவது அபூர்வமில்லை. வந்ததாலேயே எதிர்காலம் இருண்டுவிட்டது என்று அர்த்தமும் இல்லை. நான் கவனிப்பது அவை எப்போது போகின்றன என்பதை. மனநிலை சீரானதும் அவையும் கூடவே வடிந்து, மனிதர் பழையபடி தன் வேலையிலும் வீட்டிலும் வந்து நின்றால், அது நல்ல அறிகுறி. மனநிலை சரியான பிறகும் குரல் தொடர்ந்தாலோ, மனநிலைக்குச் சம்பந்தமே இல்லாமல் அது பேசினாலோ, நான் இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாகப் பேசுவேன்.

"அப்ப மறுபடி வராதுங்களா?"

"வரலாங்க" என்றேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். வராது என்று சத்தியம் செய்கிற டாக்டரிடம், அடுத்த முறை நோய் வருகிறபோது அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். மாத்திரை, தூக்கம், கூட இருப்பவர்களின் கவனிப்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் வருவது குறையும், வந்தாலும் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று விளக்கினேன். மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் மாத்திரையை ஆரம்பித்தோம். அதைச் சாப்பிடுகிறவர் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். ஒரு வருடம் முன்பு குடத்தைக் கவிழ்த்தவரிடம் அதைச் சொன்னபோது, "குடிச்சரலாமுங்க" என்று சாதாரணமாகத் தலையாட்டினார்.

அவர் தெளிந்து வீட்டுக்குப் போகிற சமயம் தலைவர் வந்தார். "டேங்க் சாவியை அவன் கைல குடுக்கலாமுங்களா? ஊர்ல பாதிப் பேரு வேண்டாம்ங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

தரலாம், தரக்கூடாது என்ற இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு அன்றைய பிரச்சினை முடிந்துவிடும். மயில்சாமிக்கு முடியாது. தண்ணீர் என்பது ஊரின் உயிர். வேலை என்பது அந்த மனிதரின் பிடிமானம்; அதைப் பறித்தால் அடுத்த சரிவு பெரிதாக இருக்கும் என்ற பயமும் எனக்கு இருந்தது. மயில்சாமியையும் சரஸ்வதியையும் உள்ளே கூப்பிட்டு, அவரிடமே "நீங்க தலைவரா இருந்தா என்ன செய்வீங்க?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "கொஞ்ச நாளைக்கு இன்னொரு ஆளையும் கூடப் போடுவேனுங்க. அப்புறம்... எனக்கு நோவு வர்றதுக்கு முந்தி தூக்கம்தானுங்க மொதல்ல போகுது. தூங்காத மறுநாள் எனக்குச் சாவி வேண்டாங்க. நானே கொண்டாந்து குடுத்தர்றேன். நான் குடுக்கலீன்னா இவ குடுப்பா."

தலைவர் சரஸ்வதியைப் பார்த்தார். சரஸ்வதி தலையசைத்தார். "செரி, அப்படியே செஞ்சுபோடலாமுங்க" என்றார் தலைவர். நல்ல மனநிலையில் இருக்கும்போது நோயாளியே போட்டுக்கொள்கிற விதிக்கு, நாம் போடுகிற எந்த விதியையும்விடப் பலம் அதிகம்.

அதற்குப் பிறகு நோய் எட்டிப் பார்க்கவே இல்லை என்று முடிக்க எனக்கும் ஆசைதான். வந்தது. ஒருமுறை அப்பா இறந்த பிறகு மனச்சோர்வு; வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார், ஆனால் விஷப் பேச்சு ஒன்றுகூட வரவில்லை. ஏன் வரவில்லை? தெரியாது. இன்னொரு முறை தூக்கம் கலைந்ததும் காலையில் தானே தலைவர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்; வார்டில் சேர்க்காமலே சரியானது. நடுவில் ஒருமுறை, அவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட, முழு மேனியாவில், அந்தப் பறக்கிற மனநிலையில், கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏன் நிறுத்தினார் என்று தெளிந்த பிறகு கேட்டேன். மாத்திரையால் வருகிற கை நடுக்கமா என்றால் ஆமாம் என்றார். சலிப்பா என்றால் அதற்கும் ஆமாம் என்றார். இரண்டுமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. விட்டுவிட்டேன். இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே வருடங்கள் ஓடின. அவர் டேங்க் ஆபரேட்டராகவே இருந்தார். பெரிய பெண் கல்லூரிக்குப் போனாள்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் இருவரும் வந்தார்கள். இனிப் பார்க்கப்போகிற டாக்டரைப் பற்றிச் சொல்லிவிட்டு, மருந்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டேன். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

"மயில்சாமி, அந்தக் குரல் இப்பவும் நினைவிருக்குங்களா?"

மனைவியை ஒருமுறை பார்த்தார். "விஷம்னு நெனச்சதெல்லாம் கனாவாட்டம் மங்கிப்போச்சுங்க. அந்தக் கொரலு மட்டும் அப்படியே இருக்குது."

"மறுபடி கேக்கணும்னு தோணுமா?"

"தோணுமுங்க" என்றார் மெதுவாக. "அன்னிக்கு மாத்திரையை நிறுத்துனேனே, அதுக்குத்தானுங்க. ஒருக்காக் கேட்டுப்போட்டு மறுபடி போட்டுக்கலாம்னு நெனச்சேன். பொய்யின்னு தெரியுமுங்க. ஆனா ஆசையாப் பேரு சொல்லி என்னை யாருங்க கூப்பிட்டாங்க? ஊருக்கு நான் டேங்க்காரன். ஊட்டுல 'ஏனுங்க'."

சரஸ்வதி கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

மருந்து ஒருவரிடமிருந்து நோயை எடுக்கும்போது, அவர் பிரியப்பட்ட ஏதோ ஒன்றையும் சேர்த்து எடுத்துவிடலாம். அதை இழந்த துக்கம் அவருக்குள் பல வருடம் கிடக்கும். மாத்திரையை ஏன் விட்டாய் என்று அதட்டினால் அது வெளியே வராது. என்ன போய்விட்டது என்று கேட்டால் ஒருவேளை வரும்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு சரஸ்வதி கும்பிட்டுவிட்டுக் கதவு வரை போனார். மயில்சாமி நாற்காலியிலேயே இருந்தார். சரஸ்வதி திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"மயில்சாமி" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத மாதிரி. "எந்திரீங்க. காந்திபுரத்துல பஸ்ஸு போயிரும்."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது.

"எனக்கும் கேட்டுதுங்க" என்றேன்.